சிங்கப்பூரில் எடுத்த படங்கள்

நான்கு ஃபிலிம் ரோலில் ஒரு மனிதர்கூட விழவில்லை. உஷா அதை முதலில் கவனித்தது கோபத்தில்தான்.

சனிக்கிழமை மத்தியானம். ஈஜிபுரா வீட்டின் முன்னறையில், ஸ்டுடியோவிலிருந்து வாங்கி வந்த கவர்களைப் பிரித்துத் தரையில் பரப்பியிருந்தாள். புதுப் படங்களின் மருந்து நெடி பக்கத்து வீட்டு மீன்குழம்பு வாசனையோடு கலந்து தொண்டையில் வந்து உட்கார்ந்தது. கொக்கு, மீன்கொத்தி, பெயர் தெரியாத சிவப்புக் கிளிகள். நாலு வயது மகள் தாரணி டைபாய்டில் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம், சிங்கப்பூருக்கு போன் போட்டு அழுதபோது, கணவன் கோவிந்தராஜன் சொன்னது அவளுக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருந்தது. ட்ரெய்னிங், மூச்சு விட நேரமில்லை.

"மூச்சு விட நேரமில்லாதவர் கிளி பின்னாடி சுத்தியிருக்கீங்க."

"ஒரு ஞாயித்துக்கிழமை போனேன் உஷா. மைக்கேல்ராஜ் கூப்பிட்டான்." மைக்கேல்ராஜ் அவனோடு ஆபீஸிலிருந்து போனவன்.

"ஒரே நாள்ல நாலு ரோலா?"

அவன் சிங்கப்பூர்த் தெருப் படங்களை எடுத்துப் பார்த்தான். பட்டப்பகலில் பெரிய கடைவீதி. சாலையைக் கடக்கும் வெள்ளைக் கோடுகளின் மேல் ஆட்களே இல்லை, மைனாக்கள் மட்டும். ஆற்றங்கரையில் வரிசையாக நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் ஒரு புறா, கேமராவைப் பார்த்தபடி.

"ஜனமே இல்லாத ஊரா அது?"

"நிக்க இடமில்லாத கூட்டம்." அவன் குரல் இறங்கியிருந்தது. "இதுல மைக்கேல்ராஜ் நின்னான். இந்தக் கம்பியைப் பிடிச்சிக்கிட்டு சிரிச்சான்."

கம்பியின் மேல் ஒரு சாம்பல் நாரை நின்றிருந்தது.

இன்னும் ஒரு பொய் என்றுதான் நினைத்தாள். அவளே போனை எடுத்து மைக்கேல்ராஜ் வீட்டுக்குச் சுழற்றினாள். அவன் மனைவி ஷோபா எடுத்தாள். அவளுக்குப் பின்னால் ஏதோ கண்ணாடியில் மோதிக்கொண்டே இருந்தது.

"சாப்பிட்டுட்டு ரூம்ல படுத்தாருக்கா. உள்ள தாழ்ப்பா போட்டிருந்தாரு. சத்தம் கேட்டு கதவை உடைச்சோம். அவரு இல்ல. இத்தாம்பெரிய நாரை ஒண்ணு, ஜன்னல்ல முட்டிக்கிட்டு நிக்குது. நான் என்னக்கா பண்ணுவேன்?"

உஷா திரும்பினாள். கோவிந்தராஜன் கடைசிக் கவரிலிருந்து மூன்று படங்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தான்.

"குடுங்க."

"வேணாம்."

அவளுக்குப் புரிந்தது. அவன் ஊர் திரும்பிய அன்று ரோலில் மூன்று படம் மிச்சமிருந்தது. தீர்த்துவிடலாம், நீயும் குழந்தைகூட உட்காரு என்றான். அதை என் மூஞ்சிக்கு முன்னால் நீட்டாதீங்க என்று சீறிவிட்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். குழந்தை மட்டும் உட்கார்ந்தது.

அவன் கையை முறுக்கிப் பிடுங்கினாள்.

அவர்களுடைய கட்டில். நீலப் போர்வை. தலையணையின் மேல் ஒரு தையல்சிட்டு.

இரண்டாவது படத்தில் அதே சிட்டு. அலகு திறந்திருந்தது.

மூன்றாவதை அவள் பார்க்கவில்லை.

அரை மணி முன்புதான் தாரணியை உள்ளறையில் தூங்க வைத்திருந்தாள்.

"தாரணி."

பதில் இல்லை.

பிறகு ஒரு சரசரப்பு. துணி மாதிரி. துணி இல்லை.

கதவைத் தள்ளினாள்.

கட்டிலில் மஞ்சள் கவுன் கிடந்தது. மல்லாந்து படுத்த வாக்கில். எல்லாப் பொத்தானும் போட்டபடி. கழுத்துப் பக்கம் எதுவோ நெளிந்தது. சின்னத் தலை வந்தது. ஒரு சிறகு. இன்னொன்று.

அது அம்மாவைப் பார்த்தது.

அவளிடம் வருவதற்காக எழும்பிப் பறந்தது.

மேலே ஃபேன். குழந்தைக்கு வேர்க்குமே என்று அவள்தான் ஐந்தில் வைத்துவிட்டு வந்திருந்தாள்.