கேதீசனின் அறையில் முயல்

முயலின் இடது காது தானாக மடிந்தது. பிறகு வலது காது. அதற்குப் பின்னால் கழுத்து மயிர், முதுகு மயிர் என்று வால்வரைக்கும் மெல்ல மெல்லப் படிந்தது, யாரோ உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டு போன மாதிரி. கரண்ட் நின்று அரை மணித்தியாலம் ஆகியிருந்தது. ஃபான் சுற்றவில்லை, கடல் பக்கத்து யன்னல் சாத்தியிருந்தது. கையில் புல்லுப் பையோடு வாசலில் நின்ற பாலேஸ்வரி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பையிலிருந்த புல்லைத் தட்டில் கொட்டினாள். எட்டு மாதமாக அவளுக்கு எதைக் கண்டாலும் இப்படித்தான். வீடு பற்றி எரிந்தாலும் முதலில் அடுப்பில் இருக்கிற பாலை இறக்கி வைத்துவிட்டுத்தான் யோசிப்பாள்.

எட்டு மாதத்துக்கு முதல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த அவளுடைய மகன் கேதீசனைக் கொழும்புக் காலி வீதியில் பஸ்ஸை மறித்து இறக்கினார்கள். இருபது வயது. அதற்குப் பிறகு ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. எந்த முகாம் வாசலில், எந்தப் பொலிசில் போய்க் கேட்டாலும் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்கள். முதல் மூன்று மாதம் அழுதாள். பிறகு ஒருநாள் காலையில் அழுகை வரவில்லை. அதோடு மற்றதெல்லாமும் நின்றுபோனது. மகள் வதனி வேலைக்குப் போய் வருவாள், சமைப்பாள், அம்மாவுக்குச் சீப்பால் தலை இழுத்துவிடுவாள். பாலேஸ்வரி கதிரையில் இருப்பாள்.

முயல் வந்தது நோபேட்டால். அவன் கொட்டாஞ்சேனையில் ஒரு மிருக வைத்தியரிடம் வேலை செய்கிறவன். தொண்ணூற்றாறாம் ஆண்டு கொழும்பில் சனம் ஒரே கிழமையில் வீட்டைக் காலி செய்துகொண்டு கனடாவுக்கும் லண்டனுக்கும் பறந்துகொண்டிருந்தது. பிள்ளைகளுக்கென்று வாங்கிய முயல்கள் பல்கனிக் கூட்டில் தண்ணீர்கூட இல்லாமல் மிஞ்சிக் கிடந்தன. நோபேட் அவற்றை எடுத்துக்கொண்டு வந்து, நிரந்தரமாக வளர்க்க ஒரு குடும்பம் கிடைக்கும்வரை தெரிந்த வீடுகளில் ஒவ்வொன்றாக விடுவான். வதனிதான் அவனைக் கூப்பிட்டாள். அம்மா எதையாவது பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாள்.

"ஒரு மாசம்தான் அக்கா," என்றான் நோபேட், பெட்டியைக் கீழே வைத்துக்கொண்டு. "பம்பலப்பிட்டியில ஒரு ஃபெமிலி கேட்டிருக்காங்க. பேர் மட்டும் வச்சிராதீங்க. வச்சீங்க, பிறகு குடுக்க மனசு வராது."

அவள் பெயர் வைக்கவில்லை. சும்மா கிடந்த அறை கேதீசனுடையதுதான், அங்கே விட்டாள். பின்னேரத்தில் ரயில் பாதை ஓரமாக இறங்கி, மழை பொய்த்த அந்த வருஷத்திலும் வாய்க்கால் கரையில் பச்சையாக நின்ற அறுகம்புல்லை வெட்டுவாள். பாதையில் காவல் நின்ற சிப்பாய் பைக்குள் கையை விட்டுத் துழாவிவிட்டு, முயலுக்கா என்று சிங்களத்தில் கேட்டுச் சிரிப்பான். அவள் தலையாட்டுவாள்.

பிழை நடந்தது செவ்வாய்க்கிழமை.

வெள்ளவத்தையில் தமிழர் வீடென்றால் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசில் பதிந்து, முத்திரை குத்திய பட்டியலைக் கையில் வைத்திருக்க வேண்டும். அவர்களுடைய பட்டியலில் மூன்று பெயர்கள் இருந்தன. மூன்றாவது கேதீசன். அதை எடுத்துவிடுவோம் என்று வதனி இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். "நான் வெட்டமாட்டன். நாங்களே அவனைப் போ எண்டு சொன்ன மாதிரி," என்றுவிட்டாள் பாலேஸ்வரி. யாரும் சோதிக்க வந்தால் முறைப்பாட்டுத் துண்டைக் காட்டி, பிடித்துக்கொண்டு போனதை முதலிலிருந்து சொல்லுவார்கள்.

அன்று பொழுதுபட்டு மைம்மலான நேரம், கரண்ட் இல்லாத வேளையில் இரண்டு பொலிஸ்காரர் ரோச் லைற்றோடு வந்தார்கள். ஒருவன் பட்டியலைப் பார்த்தான். "அனித் எக்கெனா கோ?" மற்றவர் எங்கே என்று கேட்டான். அந்த நேரம் பார்த்து உள்ளே முயல் பின்னங்காலால் நிலத்தில் ஓங்கி அடித்தது. தொம். எத்தனை பேருக்கு எத்தனை தரம்தான் அந்தக் கதையைச் சொல்வது? பாலேஸ்வரிக்கு அலுத்துவிட்டது.

"இன்னவா. காமரே," என்றாள். இருக்கிறான், அறையில்.

வதனி அவள் கையைப் பிடித்து அமத்தினாள். பொலிஸ்காரன் போய் அறைக் கதவைத் திறந்தான். வெளிச்சத்தை உள்ளே அடித்தான். என்னவோ கேட்டான். கொஞ்ச நேரம் நின்றான். பிறகு திரும்பி வந்து மூன்று பெயருக்கும் அடையாளம் போட்டான். "துன்தெனாம இன்னவா. ஹரி." மூன்று பேரும் இருக்கிறார்கள், சரி. படியில் இறங்கும்போது திரும்பி, பேசினால் பதில் சொல்லப் பழக்குங்கள் உங்கள் மகனை என்று சிங்களத்தில் கடிந்துவிட்டுப் போனான்.

"சுவரில கொழுவியிருக்கிற அவன்ரை சேட்டை இருட்டில பாத்து ஆள் எண்டு நினைச்சிட்டான்," என்றாள் வதனி. "ஏனம்மா பொய் சொன்னனீங்கள்? விசரே உங்களுக்கு?"

அடுத்த நாளிலிருந்துதான் முயலின் காதுகள் மடியத் தொடங்கின.

தினமும் கரண்டை வெட்டுகிற நேரம்தான் அது நடக்கும். புதன், வியாழன், வெள்ளி என்று பாலேஸ்வரி அறை வாசலில் ஒரு பலகைக் கட்டையைப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். புல்லும் முயல் மூத்திரமும் சேர்ந்த மணத்துக்குள் இன்னொரு மணம் மெல்ல மெல்ல ஏறும், நனைந்து கன நாள் காயாமல் கிடந்த சப்பாத்தின் மணம். கட்டில் விரிப்பு ஓரிடத்தில் பதியும். முயல் கட்டிலுக்கு எப்படி ஏறியது என்று அவள் காணவில்லை, ஆனால் அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் அது கிடக்கும். காது மடியும், முதுகு படியும், திரும்பவும் நெற்றியிலிருந்து தொடங்கும். ஒரு அசைவில்லை அதற்கு. எவ்வளவு சுகமாகக் கிடக்கிறது! அவளுக்கு நெஞ்சு சூடாகியது. எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் தரம்.

என்ரை பிள்ளை வந்திட்டான் என்று நினைத்தாள். வதனிக்குச் சொல்லவில்லை. சொன்னால் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போவாள்.

சனிக்கிழமை மத்தியானம் நோபேட் பெட்டியோடு வந்தான். பம்பலப்பிட்டிக் குடும்பம் இப்போதே எடுக்கத் தயாராம்.

"தரேலாது," என்றாள் பாலேஸ்வரி.

"அக்கா, பேசினபடி..."

"அது இஞ்ச சந்தோசமாக் கிடக்கு. தடவினா அசையவும் மாட்டுது, கண் வெட்டவும் மாட்டுது. அப்பிடியொரு சுகம் அதுக்கு. இனி எங்கையும் விடமாட்டன்."

நோபேட் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு அறைக்குள் போனான். தட்டில் மூன்று நாள் புல் வாடிக் கிடந்தது. குனிந்து நிலத்தைப் பார்த்தான். ஒரு புழுக்கைகூட இல்லை.

"இது எப்பயிலிருந்து சாப்பிடயில்ல?"

அவளுக்குத் தெரியவில்லை. புல்லைக் கொட்டுவாள், தின்றதா என்று பார்த்ததில்லை.

அவன் முயலைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தான். அவளுடைய கையைப் பிடித்து அதன் விலாவில் வைத்தான். எண்ண முடியாத வேகத்தில் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது.

"முயல் சுகத்தில இப்பிடிக் கிடக்காது அக்கா. அம்பிட்டுட்டன், இனி ஓட ஏலாதுன்னு தெரிஞ்சா செத்தது மாதிரிக் கிடக்கும். அவ்வளவு பயம். நாங்க பாத்திட்டு, ஐயோ என்ன அமைதின்னு சொல்லுவம். நிறையப் பேர் விடுற பிழைதான்." வாடிக் கிடந்த புல்லைப் பார்த்தான். "இன்னும் ஒரு நாள் வச்சிருந்தா செத்திரும். யாரு அக்கா இத இப்பிடித் தடவுறது?"

விரலின் கீழே அந்தத் துடிப்பு. பாவம், அது மூன்று நாளாகக் கத்தத் தெரியாமல் கிடந்திருக்கிறது, அவள் கட்டை போட்டு உட்கார்ந்து ரசித்திருக்கிறாள்.

"கொண்டு போ," என்றாள்.

அவன் படியிறங்கும்போது பெட்டிக்குள் முயல் உதைக்கிற சத்தம் கேட்டது. இரண்டாம் மாடி தாண்டியதும் பலமாக உதைத்தது. நல்லது, பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் அது ஒரு வாயில்லாச் சீவன். அதற்குக் கேதீசனைத் தெரியாது. முன்பின் தெரியாத கை பட்டால் முயல் பயப்படும்தானே? பின்னேரம் முழுக்க இதையே திருப்பித் திருப்பி யோசித்தாள். பயப்படாத ஒருத்தி, பெற்றவள், போய் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். அவன்தானா இல்லையா என்று தெரிந்தால் போதும்.

ஆறரைக்குக் கரண்ட் நின்றது. வதனி குசினியில் மெழுகுதிரி தேடிக்கொண்டிருந்தாள். பாலேஸ்வரி அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். கீழே கடைசி வெளிச்சத்தில் ரயில் ஒன்று போனது. யன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. கடல் இரைந்தது. மேல்வீட்டில் யாரோ கதிரையை இழுத்தார்கள். பிறகு அதுவும் இல்லை.

"தம்பி," என்றாள்.

கட்டில் விரிப்பு அப்படியே கிடந்தது.

"தம்பி, அம்மா வந்திருக்கிறன்."

சப்பாத்து மணம் வந்தது.

பக்கத்தில் மெத்தை பதிந்தது. கனமாக. அவள் அந்தப் பக்கம் சரிந்தாள்.

நெற்றியில் ஏதோ வந்து உட்கார்ந்தது. குளிர். ஈரம். அது மெல்லப் பின்னுக்குப் போனது. தலைமயிரைப் படியவைத்துக்கொண்டு போனது. கேதீசனின் கை சின்னது. நகம் கடித்த கை.

இது அவளுடைய ஒரு காதிலிருந்து மறு காதுவரைக்கும் மூடியது. ஒரே உள்ளங்கை.

எழும்ப வேண்டும். கால் கேட்கவில்லை. கத்த வேண்டும். வாய் திறக்கவில்லை. கண் வெட்டவில்லை.

நெற்றி. உச்சி. பிடரி. திரும்பவும் நெற்றி.

மெழுகுதிரியைக் கையால் மறைத்துக்கொண்டு வதனி வாசலில் வந்து நின்றாள். அம்மா கட்டிலில் நேராக இருந்தாள். தலைமயிர் ஒரு இழை பிசகாமல் பின்னுக்கு வாரியிருந்தது. முகத்தில் ஒரு சுளிப்பில்லை. வதனியின் கண் கலங்கியது.

"முயல் போனது கவலையாக்கும் எண்டு நினைச்சன்," என்றாள் மெதுவாக. "எவ்வளவு நாளைக்குப் பிறகு இப்பிடி ஆறுதலா இருக்கிறியள் அம்மா! இருங்கோ, இருங்கோ. நான் குழப்பேல்லை."

பாலேஸ்வரி கண்ணால் கத்தினாள்.

வதனி கதவை, சத்தம் வராமல், பார்த்துப் பார்த்துச் சாத்தினாள். கதவுக்குக் கீழே தெரிந்த மெழுகுதிரி வெளிச்சம் குசினிப் பக்கம் நகர்ந்து போனது. இருட்டுக்குள் பாலேஸ்வரியின் விலா எண்ண முடியாத வேகத்தில் அடித்தது, உள்ளங்கை அவசரமே இல்லாமல் மறுபடி அவள் நெற்றிக்கு வந்தது.