வெள்ளைக் கோடு போட்ட கல்

கோபம் வந்தால் என் மூக்கு விடைத்துக்கொள்ளும் என்பாள் என் தோழி வேணுஜா. அன்றைக்கு அது மூன்று முறை விடைத்தது.

பள்ளியில் துப்புரவு நாள். எங்கள் வகுப்புக்குக் கிடைத்தது ஊர்க்கோடியில் உள்ள பழைய யூத இடுகாடு. இந்த ஜெர்மன் சிற்றூரில் ஒரு காலத்தில் நாற்பது யூதக் குடும்பங்கள் இருந்தனவாம். நாஜிகள் அவர்களில் சிலரைத் துரத்தினார்கள். மற்றவர்களைக் கொண்டுபோய்க் கொன்றார்கள். இப்போது ஒரு குடும்பம்கூட இல்லை.

ஒரு கல்லறையின் மேல் நாலைந்து கூழாங்கற்கள் கிடந்தன.

"ஆரடி கல்லறைக்குக் கல்லெறிஞ்சது? கொஞ்சமும் வெக்கமில்லையோ!" என்று கத்தினேன்.

என் கோபத்துக்குக் காரணம் உண்டு. இலங்கையில் என் மாமாவின் கல்லறையைப் போர் முடிந்ததும் இராணுவம் இடித்துவிட்டது. அம்மாவுக்கு ஒரு பூ வைக்கக்கூட இடமில்லை.

கற்களை வாரிச் சரளைப் பாதையில் வீசினேன். கல்லறையைக் கழுவினோம். எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. இரண்டு செவ்வந்திப் பூக்களும் வைத்தோம்.

"இப்பதான் வடிவா இருக்கு," என்றாள் வேணுஜா.

அப்போது வெளியூரிலிருந்து வயதான பெண்மணி ஒருவர் வந்தார். மிரியம் என்று பெயர். தன் கொள்ளுப்பாட்டியின் கல்லறையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"கற்கள் எங்கே?"

"நான்தான் எடுத்தேன். யாரோ எறிந்தது என்று..."

"எறிந்ததில்லை, மகளே. 'நான் வந்தேன்' என்று சொல்ல நாங்கள் கல்தான் வைப்போம். மற்றவை நான் வைத்தவை, போகட்டும். வெள்ளைக் கோடு போட்ட கல் மட்டும் என் தம்பி கடற்கரையிலிருந்து கொண்டுவந்தது. போன மாதம் அவன் இறந்துவிட்டான்."

எனக்கு என்மேலேயே ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மூக்கு மறுபடி விடைத்தது.

புல் வெட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரர் சிரித்தார். "பாதை முழுக்கக் கல்தானே அம்மா? ஏதாவது ஒன்றை எடுத்து வையுங்களேன்!"

மூன்றாவது விடைப்பு!

"அவர் தம்பியின் கல் அது! தொலைத்தது நான். தேடித் தருவதும் நான்தான்!" என்று அவரிடம் வெடித்தேன்.

முட்டி போட்டுத் தேடினோம். எல்லாக் கல்லிலும் புழுதி.

"ஏலாது கஜந்தி. எல்லாம் ஒரே நிறமா இருக்கு," என்றாள் வேணுஜா.

கல்லறையைக் கழுவியதும் எழுத்துகள் தெரிந்தது நினைவுக்கு வந்தது.

"ஊத்தடி தண்ணியை!"

ஊற்றினோம். சிவப்பு, கறுப்பு, பழுப்பு என்று ஒவ்வொரு கல்லும் தன் நிறத்தைக் காட்டியது. மூன்றாவது வாளியில் வெள்ளைக் கோடு தெரிந்தது.

"கண்டுட்டன்!"

மிரியம் அதை இரு கைகளாலும் வாங்கி, கல்லறையின் மேல் வைத்தார். பூக்களை எடுக்கப் போனேன்.

"அவையும் இருக்கட்டும். நீயும் ஒரு கல் வை. நீயும் வந்தாய்தானே?" என்றார்.

வைத்தேன். பிறகு இன்னொரு கல்லைக் கழுவி, நேராகத் தோட்டக்காரரிடம் போய் நீட்டினேன்.

"பாதை முழுக்கக் கல்தானே? நீங்களும் ஒன்று வையுங்கள்!"

அவர் என்னைப் பார்த்தார். என் மூக்கையும் பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து கல்லை வைத்தார்.