டிராப்புக்கு முந்தைய மௌனம்

பாட்டின் பெரிய அடியான டிராப் விழுவதற்கு முன்னால் எல்லாம் நின்றுபோகும் அந்த வெறுமையில், யாரோ மூன்று முறை தட்டினார்கள்.

ஜாஹிரா கண்ணைத் திறந்தாள். இந்தப் பாட்டை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். அதில் தட்டல் எதுவும் கிடையாது.

காது முழுவதையும் மூடிக்கொள்ளும் அந்த ஹெட்போன் தோழி இளமதி கொடுத்தது. ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போய்வரும் அவள்தான் டப்ஸ்டெப் என்கிற இந்த மின்னிசைக் கிறுக்கையும் ஒட்டவைத்தவள். அதில்தான் எத்தனை வகை! ஒன்று இரும்பை ரம்பத்தால் அறுப்பதுபோல உறுமும். ஒன்று பாடுகிற பெண்ணின் குரலைத் துண்டு துண்டாகக் கிழித்து, உயரத்துக்குக் கொண்டுபோய்ப் பூப்போல இறக்கிவிடும். ஜாஹிராவுக்குப் பிடித்தது இரண்டும் இல்லை. நிதானமான, இருட்டான, பாதிக்கு மேல் ஒன்றுமே இல்லாத வகை. ஆழக் கிணற்றுக்குள் யாரோ பாறையை நகர்த்துவதுபோல பேஸ் ஒலி எழும், எல்லாம் நிற்கும், பிறகு அடிவயிற்றில் வந்து விழும். கடை வாசலில் நாலு பேர் நின்றால் தலை நிமிராத அவளுக்குள், யாருக்கும் அஞ்சாத ஒருத்தி அந்த நேரத்தில் மட்டும் எழுந்து நிற்பாள்.

தட்டல் மறுபடியும் வந்தது. பாட்டோடு அழகாகப் பொருந்தியது. ஜாஹிரா அதற்கும் சேர்த்துத் தலையாட்டினாள். பாட்டை நிறுத்தாமலே இளமதிக்குக் குரல் செய்தி அனுப்பினாள்.

"இன்னாடி, இந்தப் பாட்டுல புதுசா தட்டற சவுண்டு வருது? செமயா கீது."

பதில் வரக் கொஞ்ச நேரமாயிற்று. அதற்குள் தட்டல் இரண்டாகி, ஒன்றாகி, நின்றுபோயிருந்தது.

"தட்டறதா? அதுல அப்டி ஒண்ணும் கெடையாதுடி. உங்க வூட்டுல யாருனா கதவத் தட்டறாங்களோ இன்னாவோ, போய்ப் பாரு லூசு."

கதவு இல்லை. சுவர்.

அப்பா அஹமது பாட்சா மௌத்தானதிலிருந்து அம்மா ஹமீதா அடுத்த அறையில் இத்தா இருந்தாள். மாதக்கணக்கில் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டிய விதவையின் காலம். வீட்டின் முன்பக்கம் கடை. கயிறும் சாக்கும் தார்ப்பாயும் வாங்க மானாம்பதியிலிருந்தும் மாகறலிலிருந்தும் ஆட்கள் வந்தபடி இருப்பார்கள். தன் குரல்கூட அவர்கள் காதில் விழக் கூடாது என்று அம்மா கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். எது வேண்டுமானாலும் சுவரைத் தட்டுவாள்.

ஜாஹிரா ஓடியபோது அம்மா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே சரிந்து கிடந்தாள். விரல் முட்டிகளில் சுண்ணாம்பு அப்பியிருந்தது.

"பக்கத்து ரூம்லதானே இருந்த? ஒண்ணும் கேக்கலயா?" அண்ணன் பர்வேஸ் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"தொழுதுக்கினு இருந்தேண்ணா."

வாய் தானாகச் சொன்னது. சொன்னது சொன்னதுதான். அம்மாவின் அடக்கம் முடிவதற்குள் அந்தச் சொல் வீடு முழுக்கப் பரவிவிட்டது. அம்மாவின் அக்கா சாய்ரா காலா வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்: "புள்ள நெத்தியத் தரையில வெச்சு ஸஜ்தாவுல இருந்துகீது. பாதில வுட்டுட்டு எப்டி வருவா? ஹமீதா குடுத்து வெச்சவ. என் வூட்லயும் ஒண்ணு கீதே, போனைக் கீழ வெச்சா கை அழுகிடும்."

பெண்கள் ஜாஹிராவின் தலையைத் தடவிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு கையும் சுட்டது.

துக்கம் கேட்க வந்த இளமதி காதோரம் குனிந்தாள். "அன்னிக்கு நீ பாட்டுதானேடி கேட்டுக்கினு..." ஜாஹிரா அவளைப் பார்த்த பார்வையில் பேச்சு அறுந்தது. இளமதி மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு எழுந்து போனாள்.

ஜாஹிரா ஹெட்போனைச் சாக்குக் கட்டுகளுக்கு அடியில் திணித்தாள். பாட்டு போனது; தட்டல் போகவில்லை. கிரைண்டரை நிறுத்தியதும் வரும் அமைதியில், கரண்ட் போய் மின்விசிறி கடைசிச் சுற்றுச் சுற்றி ஓய்கிற இடத்தில், பர்வேஸ் பேசி முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில், மூன்று முறை. ஒவ்வொரு தடவையும் இடைவெளி நீண்டது. நின்றது எதுவும் சட்டென்று மறுபடி தொடங்கவில்லை. எதுவோ விழக் காத்திருந்தது.

குர்ஆன் ஓதி முடித்த ஒரு சாயங்காலம், அம்மாவின் அறை நிறையப் பெண்கள். அஸர் தொழுகை நேரம். காலா பாயை எடுத்துச் சுவரோரம் விரித்தாள்.

"இங்கயே தொழும்மா. உங்கம்மா எடத்துல."

இப்போது சொல்லிவிடலாம். எல்லோரும் இருக்கிறார்கள். ஒரே ஒரு வாக்கியம்.

"காலா..."

"இன்னாம்மா?"

அத்தனை முகங்களும் திரும்பின. அத்தனையிலும் அன்பு.

"ஒண்ணுமில்ல."

நின்றாள். குனிந்தாள். ஊதுபத்திப் புகைக்கு அடியில் ஈரச் சுண்ணாம்பு மணத்தது. உதடுகள் அசைந்தன, உள்ளே எதுவும் அசையவில்லை. நெற்றியைப் பாயில் வைத்தாள்.

கடையில் யாரோ பேசிக்கொண்டிருந்தது நின்றது. தெருவில் ஹாரன் நின்றது. காகம் நின்றது.

தரைக்குள் இருந்து எழுந்தது. காதுக்குக் கேட்கவில்லை. எலும்புக்குக் கேட்டது. நெற்றி எலும்பில், பல்லில், வயிற்றில். பாறை நகர்ந்தது.

பிறகு அதுவும் நின்றது.

தட்டல்.

சுவரில் இல்லை. கீழே. நெற்றிக்கு நேர் கீழே.

எழ வேண்டும். எழுந்தால் எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள்.

தட்டல்.

பின்னால் காலாவின் கிசுகிசுப்பு: "எவ்ளோ நேரமா ஸஜ்தாவுல கீறா பாரு. அன்னிக்கும் இப்டித்தான் இருந்திருப்பா."

தட்டல். இம்முறை பாய் எழும்பியது. முட்டி முட்டியாக. சுண்ணாம்புத் துகள் உதட்டில் ஒட்டியது.

ஜாஹிரா எழ முயன்றாள்.

பாய்க்கு அடியில் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அவள் நெற்றியைத் தடவின. பிடித்துக்கொண்டன.