ஒற்றுப்பிழை

பத்தரை மணிக்கெல்லாம் வண்டிகள் நிற்கும் திடல் நிரம்பியிருந்தது. கணவன் இரண்டு சுற்று வந்து, கடைசியில் மதிலோரமாக ஓர் இடுக்கில் காரைச் செருகினான். பின்சீட்டிலிருந்து சின்னவள் குதித்து இறங்கினாள். மறுபக்கக் கதவைத் திறந்துவிட அம்மாவின் கை தானாகப் போயிற்று. பாதியில் இழுத்துக்கொண்டாள்.

ஏழு மாதமாகியும் கைக்கு இன்னும் விஷயம் தெரியவில்லை.

பழைய தானியக் கிடங்கு ஒன்றில் சரித்திர விழா. இருநூறு ஆண்டுக்கு முந்தைய கொல்லன், நெசவாளி, எழுத்தர் என்று வேடம் கட்டியவர்கள் ஆளுக்கோர் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பம் அது. சாப்பாட்டு மேசைதான் வகுப்பு, அம்மாதான் டீச்சர். எங்கே போவதானாலும் முதல் நாளே கேள்வித்தாள் தயாரித்து, பிள்ளைக்கு ஒரு பிரதி அச்செடுத்துவிடுவாள்.

நேற்றும் இரண்டு எடுத்துவிட்டாள். கிழிக்க மனம் வரவில்லை. இரண்டாவதைக் கோப்பில் வைத்து, தோள்பையின் அடியில் போட்டுக்கொண்டாள்.

“இதுதான் கடைசி கிளாஸ், சரியா?” என்றான் கணவன், குழந்தைக்குக் கேட்காத குரலில். “திங்கக்கிழமை ஸ்கூல்ல சேர்த்துடலாம். அவளும் நாலு பசங்களோட பழகட்டும்.”

“ம்.”

மறுக்கத் தோன்றவில்லை. ஒப்புக்கொள்ளவும் தோன்றவில்லை. வகுப்பே நின்றுவிட்டால் மேசையோரம் மூத்தவளின் நாற்காலி எதற்கு? இதை மட்டும் அவளால் வாய்விட்டுக் கேட்க முடியவில்லை. கேள்வித்தாளின் கடைசி வரியாக ‘இன்றோடு வகுப்பு முடிந்தது’ என்று அவளே தட்டச்சு செய்திருந்தாள்.

மூத்தவளுக்கு வீட்டில் ‘மேடம்’ என்று பெயர். பதினோரு வயதில் ஊருக்கெல்லாம் இலக்கணம் பார்ப்பாள். அம்மாவுக்கு எல்லாம் வரும், ஒற்று மட்டும் வராது. க், ச், த், ப் எதையாவது விழுங்கிவிடுவாள். தாள் கைக்கு வந்ததும் மேடம் பதில் எழுதமாட்டாள். முதலில் நாக்கைச் சப்பி ‘ப்ச்’ என்பாள். அப்புறம் சிவப்புப் பேனா. கீழே மதிப்பெண்: ‘அம்மா 4/10. முன்னேற்றம் தேவை.’

நான்கே நாள் காய்ச்சல். அந்தப் பேனாவை அவள் சட்டைப்பையில் வைத்தே அனுப்பினார்கள்.

எழுத்தரின் அறை கிடங்கின் கோடியில் இருந்தது. கணவன் தண்ணீர் வாங்கப் போக, அம்மாவும் சின்னவளும் குனிந்து நுழைந்தார்கள். வெயில் உள்ளே எட்டவில்லை. சுவர்க் கல்லில் ஈரம் கசிந்தது. ஒற்றை விளக்கு, எண்ணெய்ப் புகை. மேசைமேல் இறகுப் பேனாக்கள். முன்னால் சங்கிலியில் ஒரு பலகை தொங்கியது.

‘தொட்டு பார்க்காதீர்கள்.’

“அங்கிள், இருநூறு வருஷத்துக்கு முன்னாடி வாட்ச் இருந்துச்சா?” என்றாள் சின்னவள்.

எழுத்தர் மணிக்கட்டைச் சட்டென்று அங்கிக்குள் இழுத்துக்கொண்டார். “வெளிய சொல்லிடாதே கண்ணு. என் வேலைக்கே வேட்டு வெச்சிடுவாங்க.”

சின்னவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டும் நாளாகிவிட்டது. பிறகு பலகையைப் படித்தாள்.

“அம்மா, நடுவுல ‘ப்’ இல்ல. மேடம் பார்த்தா விடமாட்டா.”

அம்மாவும் பலகையைப் பார்த்தாள்.

எண்ணெய்ப் புகைக்கு நடுவே வேறொரு வாசனை வந்தது. புதிதாகச் சீவிய பென்சில். மேடத்தின் விரல்களில் எப்போதும் இருக்கும் வாசனை.

விளக்கு தாழ்ந்தது.

அம்மாவின் முதுகுக்குப் பின்னால், பதினோரு வயது உயரத்தில்,

‘ப்ச்.’

திரும்பினாள். சுவர்தான் இருந்தது.

அவள் பயப்படவில்லை. பயப்படுவதற்கும் கொஞ்சம் உயிர் வேண்டுமே.

எழுத்தர் திரியைத் தூண்டினார். சின்னவள் அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா. போர்டைப் பாரு.”

‘தொட்டுப் பார்க்காதீர்கள்.’

இரண்டு சொற்களுக்கு நடுவே இருந்த சந்தில், சிவப்பாக, நெருக்கியடித்துக்கொண்டு ஒரு ‘ப்’. அதிலிருந்து ஒரு சொட்டு பலகையில் இறங்கிக்கொண்டிருந்தது.

“யாரு பண்ண வேலை இது?” எழுத்தர் எழுந்தார். சின்னவளின் கையைப் பார்த்தார். வெறும் பென்சில். “என்கிட்ட சிவப்பு மையே கிடையாதேம்மா...”

அம்மா குழந்தையை அழைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கணவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவளை டாக்டரிடம் கூட்டிப்போவான். சின்னவளும் வாயைத் திறக்கவில்லை.

திரும்பும்போது பின்சீட்டில் சின்னவள் ஜன்னலோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

“ஏம்மா பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு? நல்லா தள்ளி உட்காரேன்,” என்றான் கணவன், கண்ணாடியில் பார்த்து.

“இடம் இல்லப்பா.”

அவன் சிரித்தான். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

வெயில் இருக்கும்போதே வீடு வந்துவிட்டது. சின்னவள் குளிக்கப் போனாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அம்மா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நாள் முழுக்கத் தோளைவிட்டு இறங்காத பையிலிருந்து கோப்பை எடுத்தாள். மேலே சின்னவளின் தாள், பென்சில் பதில்களோடு.

அதன் அடியில் இரண்டாவது தாள்.

‘பழங்கால கண்காட்சியை சுற்றி பார்ப்போம்’ என்று அவள் போட்டிருந்த தலைப்பில் ஒரு க், ஒரு ச், ஒரு ப் புதிதாக முளைத்திருந்தன. சிவப்பில். கேள்விக்குக் கேள்வி, விட்ட ஒற்றெல்லாம் வந்து உட்கார்ந்திருந்தது. பதிலுக்கான இடங்கள் காலி. மதிப்பெண் இல்லை.

கடைசி வரிக்கு வந்தாள்.

‘இன்றோடு வகுப்பு முடிந்தது.’

அதில் எந்த ஒற்றும் விடுபடவில்லை. எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். ஒரு பிழையும் இல்லை.

அதைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம். அழுத்தி, திரும்பத் திரும்ப, தாள் கிழியும்வரை.

தொட்டுப் பார்த்தாள்.

ஈரம்.

“அந்த ஸ்கூல் ஃபாரத்தை நிரப்பிட்டியா?” கணவன் உள்ளறையிலிருந்து குரல் கொடுத்தான்.

“இல்லைங்க.” சிவந்த விரலை அவள் துடைத்துக்கொள்ளவில்லை. “திங்கக்கிழமை கிளாஸ் இருக்கு.”

“யாருக்கு?”

குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டேயிருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம், காலி நாற்காலியில், பென்சில் சீவும் சத்தம் தொடங்கியது.