ஒரு சாண் குறைந்த சங்கிலி

பெத்தோ வண்டிக்கு இடப்பக்கம் இருந்தான். அவன் குரல் வலப்பக்கத்திலிருந்து வந்தது.

"முன்னாடி விடு, கெழவி. அரைச் சுத்து."

அவன் செல்லமாகக் கெழவி என்று கூப்பிடும் நிதியா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். அவள் புருஷன் இடது பின்சக்கரத்தருகே பனியில் மண்டியிட்டு, கம்பளித் தொப்பி காதுவரை இறங்கியிருக்க, சறுக்காமலிருக்கச் சக்கரத்தில் சுற்றும் சங்கிலியின் நுனியை டயருக்கு மேலே இழுத்துக்கொண்டிருந்தான். வாய் அசைந்த மாதிரி தெரியவில்லை. இந்த மலையில் காற்று ஒரு பக்கத்துப் பேச்சை இன்னொரு பக்கம் கொண்டுபோய்ப் போடுவது ஒன்றும் புதிதல்ல என்று நினைத்துக்கொண்டு கிளச்சிலிருந்து காலை மெல்ல எடுத்தாள். பிக்கப் அரை அடி நகர்ந்தது.

"ஏய்! யாருடி உன்ன நகத்தச் சொன்னது? வெரல் போயிருக்கும்!"

"நீதான சொன்ன!"

"நான் எங்க சொன்னேன்? வண்டிப் பலகையில ரெண்டு தட்டு தட்டுவேன், அப்பத்தான் நகத்தணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? காதுல என்ன, ஆட்டு மயிரா அடைச்சிருக்க?"

"ஆமா, உன் பேச்சக் கேட்டுக் கேட்டு அடைச்சுப்போச்சு."

சன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். இறங்கி ஒரு கை கொடுக்கலாம். கொடுக்க மாட்டாள். படட்டும்.

மணி மூன்றரைதான். ஜூலை, இந்தத் தென்கோடி நாட்டில் நடுக்குளிர்காலம்; இக்கல்மா மலைச்சாலை ஏற்றத்தில் அதுவே சாயங்காலம் மாதிரி இருந்தது. ரோடும் வானமும் ஒரே வெள்ளை. நெட்டையான அராவ்காரியா ஊசியிலை மரங்கள்கூட அடித்தண்டு மட்டும் தெரிய, மேலே எங்கேயோ கரைந்துபோயிருந்தன. வண்டியின் பின்தட்டில், டவுனிலிருந்து நிரப்பிக் கொண்டுவரும் ஆக்சிஜன் சிலிண்டர் படுத்திருந்தது. அவள் அப்பா செகுந்தினோவுக்கு நுரையீரல் போய் இரண்டு வருஷமாகிறது. காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது அவருடைய சிலிண்டரின் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. இருட்டுவதற்குள் இது போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் என்ன ஆகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன டயரால் வந்தது. ஏப்ரலில் பெரிய டயர் மாட்டிக்கொண்டு வந்து, குதிரை வாங்கியவன் மாதிரி தெருவில் நாலு தடவை ஓட்டிக் காட்டினான். அவள் கேட்டது ஒரே கேள்வி: "இதுக்குச் சங்கிலி ஏறுமா?" "புதுசா பெரிய சைஸ் வாங்கியாச்சு, கெழவி" என்றான். இன்றைக்கு வண்டி வழுக்கி நின்ற பிறகு சீட்டுக்குப் பின்னாலிருந்து அவன் எடுத்தது பழைய டயரின் துருப்பிடித்த சங்கிலி. சுற்றிக் கொண்டுவந்தால் உட்பக்கத்தில் இரண்டு நுனியும் சேரவில்லை, ஒரு சாண் குறைந்தது. இப்போது வேலிக்கம்பியை வைத்து ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்கிறான். அப்போதும் "தப்பு பண்ணிட்டேன்" என்று ஒரு வார்த்தை வரவில்லை. பத்தொன்பது வருஷத்தில் ஒருநாளும் வந்ததில்லை. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அவளுடைய நாய்மேல் ஏற்றிக் கொன்றவன், "அது ஏன் அங்க படுத்துச்சு?" என்று கேட்டவன் அவன்.

பலகையில் இரண்டு தட்டு விழுந்தது. நகர்த்தினாள், நிறுத்தினாள். சங்கிலி பனியை நெரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு கம்பி பட்டென்று அறுந்தது. பெத்தோ தன் தாயையும் கம்பி விற்றவன் தாயையும் சேர்த்துத் திட்டினான். அந்த எரிச்சலிலும் அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள். சிரித்தால் கோபம் போய்விடும்.

பக்கக் கண்ணாடியில் பனி படிந்து அவன் உருவம் முதலில் மங்கியது, பிறகு மறைந்தது. ஹீட்டரிலிருந்து டீசல் நாற்றத்தோடு வேறொரு வாடையும் வரத் தொடங்கியது. ஈரமண், தோண்டியெடுத்த மண். இத்தனை பனிக்குக் கீழே கிடக்கும் மண்ணின் வாடை இங்கே எப்படி வரும்? ஹீட்டரை அணைத்தாள். வாடை போகவில்லை. காற்றும் நின்றுவிட்டிருந்தது. கூரையில் பனி விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"கோவமா இருக்கியா, கெழவி?"

வெளியிலிருந்து இல்லை. காலுக்குக் கீழே, தரைத்தகட்டுக்கு அடியிலிருந்து. அடியில் படுத்து வேலை செய்கிறான் போல.

"தப்பு என்மேலதான். சங்கிலி வாங்குனேன்னு பொய் சொன்னேன். நீ அப்பவே கேட்ட. பாவம், உங்கப்பா அங்க மூச்சுக்குத் தவிக்கிறாரு. என்ன மன்னிச்சிடு."

பத்தொன்பது வருஷம். இந்த நாலு வார்த்தைக்கு எத்தனை ராத்திரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். இறுக்கிப் பிடித்திருந்ததெல்லாம் ஒரே நொடியில் கழன்றுபோயிற்று. கண் நிறைந்தது.

"சரி விடு," என்றாள். "சரி விடுடா."

"இப்ப முன்னாடி விடு. அரைச் சுத்து."

தட்டு விழவில்லை. விழவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் கால் கிளச்சிலிருந்து எழுந்தது.

வண்டி நகர்ந்தது.

பலகையில் தட்டு விழுந்தது. இரண்டு. மூன்று. பிறகு எண்ண முடியவில்லை. உள்ளங்கை, முட்டி, எல்லாம். இடப்பக்கம். பின்சக்கரம் எதன்மேலோ ஏறியது. இறங்கியது.

தட்டு நின்றது.

"பெத்தோ?"

சன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

"பெத்தோ! விளையாடாத!"

கதவைத் திறந்தாள். முழங்கால் வரை பனி. பலகையைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போனாள். அங்கே யாரும் இல்லை. மண்டியிட்ட தடம் இல்லை. ரத்தம் இல்லை. கம்பித் துண்டுகூட இல்லை. பனி வழவழவென்று கிடந்தது.

சங்கிலி ஏறியிருந்தது.

துளி தொய்வில்லை. பெரிய டயரைச் சுற்றி, அந்த டயருக்கென்றே அடித்தது மாதிரி. அவள் குனிந்தாள். உட்பக்கம் பார்த்தாள்.

சங்கிலியின் இரண்டு நுனிக்கும் நடுவே ஒரு கை இருந்தது. ஒரு நுனி கட்டைவிரலில் கோத்திருந்தது. இன்னொன்று மற்ற விரல்களில். கல்யாண மோதிரம். மணிக்கட்டுக்கு அப்பால் வெறும் பனி. அந்தக் கை செத்த கையாக இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் இறுக்கியது.

அவள் அலறவில்லை. அலறலை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. தன்மேலேயே வந்தது. அவன் மன்னிப்புக் கேட்கிற ஆளா? அவனா? இது அவளுக்குத் தெரியாதா? இன்னும் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் அந்தக் கோபத்தை விடாமல் பிடித்திருந்தால் பெத்தோ இந்நேரம் உயிரோடு நின்று அவளைத் திட்டிக்கொண்டிருப்பான்.

"யாருடா நீ?" வண்டியின் அடியைப் பார்த்துக் கத்தினாள். "என் புருஷன் குரல்ல பேசுற நீ யாருடா?"

மண்வாடை வீசியது.

"இந்தப் பக்கமும் ஒரு சாண் குறையுது, கெழவி," என்றது பெத்தோவின் குரல், வலப்பக்கத்திலிருந்து, அத்தனை அன்பாக. "சீக்கிரம் வா. அப்பா காத்துட்டிருக்காரு."

வண்டிக்கு அடியில், வலப்பக்கச் சக்கரத்தில், சங்கிலியின் இரண்டு நுனியும் பனியிலிருந்து மெல்ல எழுந்தன. எழுந்து, நடுவே இன்னொரு கைக்கு இடம் விட்டு, அப்படியே நின்றன.