முன்பு குடியிருந்தவளின் தவணை

கதவைத் தட்டியவர் அவளிடம் பேசினாரே தவிர அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளைத் தாண்டி, தையல் மெஷினையும் வெட்டிப் போட்ட துணிகளையும் தாண்டி, விளக்குப் போடாத சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடத்தைக் கூப்பிடுங்க."

"எந்த மேடம்?"

"கடன் வாங்கின மேடம்."

நிதி நிறுவனத்திலிருந்து வசூலுக்கு வந்தவர். அடியாள் மாதிரி இல்லை. நரைத்த மீசை, கஞ்சி போட்ட சட்டை, கக்கத்தில் தோல்பை என்று கணக்கு வாத்தியார் மாதிரி இருந்தார். முன்பு குடியிருந்தவள் போய்விட்டாள், நாங்கள் புதிதாக வந்தவர்கள் என்று அவள் சொன்னாள். கணவன் போனபின், வாடகை குறைவென்று மகளோடு வந்து சேர்ந்த வீடு அது.

"எல்லாரும் சொல்றதுதாம்மா. ஆளை உள்ள வச்சுக்கிட்டே இல்லம்பாங்க. அதோ, பாத்திரம் கழுவுற சத்தம் கேக்குதே."

மகள் பள்ளியிலிருந்து இன்னும் வரவில்லை. வீட்டில் வேறு யாருமில்லை. ஆனால் அவளுக்கும் கேட்டது.

அன்றிரவு வீட்டு ஓனருக்குப் போன் போட்டாள். "காலி பண்ணினாளா? யார் சொன்னது?" என்றார் அவர். "துணிமணி, சாமான் எல்லாம் அப்படியே கிடந்துச்சு. ஆளைத்தான் காணோம். நான்தான் அள்ளி வெளிய போட்டேன். கடனுக்குப் பயந்து ஓடுறவ செருப்பையுமா விட்டுட்டு ஓடுவா, நீயே சொல்லும்மா?" சொல்லிவிட்டுச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன்பிறகு காது அவள் பேச்சைக் கேட்கவில்லை. மெஷினை மிதிக்கும்போது அதன் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம், யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒடுங்கி நிற்பது போல, மிதிப்பதை நிறுத்தினால் தானும் நின்றுவிடும். அலமாரிக்குள் அவளுடையதல்லாத தலையெண்ணெய் வாசனை. அழைப்பு மணி அடிக்கும்போதெல்லாம் சமையலறைப் பக்கம் ஒரு நிழல் சட்டென்று சுருங்கும்.

வசூல்காரர் சாயங்காலந்தோறும் வந்தார். ஒருநாளும் குரலை உயர்த்தவில்லை. ஒருநாள் படியில் உட்கார்ந்து செருப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "பாப்பா எந்த ஸ்கூலு? நீலச் சட்டையா? தனியாத்தான் நடந்து வருது போல."

அவளுக்கு இருப்பது அந்த ஒரு பிள்ளைதான். உள்ளே போய், தைத்துச் சேர்த்த பணத்தை எடுத்து வந்து அவர் கையில் திணித்தாள். "இது அந்தம்மாவோட ஒரு தவணை. சனியன் தொலையட்டும். இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

"ரசீது யார் பேர்ல போடட்டும்?"

"அவங்க பேர்லயே போடுங்க. அவங்களுக்காக நான் கையெழுத்துப் போடுறேன்."

போட்டாள்.

வீட்டுக்குள் யாரோ மூச்சு விட்டார்கள். நெடுநாள் அடக்கி வைத்திருந்த, நிம்மதியான மூச்சு. வசூல்காரர் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"வர்றேன் மேடம்," என்றார்.

வீடு அமைதியானது. அந்த அமைதிதான் அவளை அரித்தது. தட்டில் சோறு போட்டு மகளைக் கூப்பிட்டால், "இப்பதானே ஊட்டிவிட்ட?" என்றாள். சீப்பை எடுத்துக்கொண்டு போனால் தலை ஏற்கெனவே பின்னியிருந்தது. இறுக்கமாக, வேறு கைப்பழக்கத்தில். போகப்போகக் குழந்தை அவள் மடியில் உட்காரக் கூச்சப்பட்டது. விருந்தாளியைப் பார்ப்பது போல் ஓரக்கண்ணால் பார்த்தது.

மறுபடி கதவு தட்டப்பட்டது.

"அடுத்த தவணை, மேடம்."

"நான் அவங்க இல்லைங்க! எத்தனை தடவை சொல்றது?" வாசற்படி தாண்டி வெளியே வந்துவிட்டாள். "கண்ணு! இங்க வா. நான் யாருன்னு இவர்கிட்ட சொல்லு."

மகள் வந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு அவளை ஏறிட்டுப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

பிறகு உள்ளே திரும்பினாள். "அம்மா! வாசல்ல யாரோ ஒரு ஆன்ட்டி."

உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

"யாருன்னு தெரியாதவங்ககிட்ட என்ன பேச்சு? கதவைச் சாத்திட்டு உள்ள வா, கண்ணு."

அவளுடைய குரல். அவள் தொண்டையில் வராமல், அங்கிருந்து வந்த அவளுடைய குரல்.

"கண்ணு, வேண்டாம். நான்தாண்டி. அம்மா."

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. வசூல்காரர் படியில் உட்கார்ந்து தோல்பையைத் திறந்தார். தட்டினாள். கத்தினாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது, ஒருத்தி அவளைப் பார்த்தாள், தலையிலடித்துக்கொண்டாள். "கடன்காரி வந்துட்டா பாரு." அந்தக் கதவும் மூடிக்கொண்டது.

ஜன்னலுக்கு ஓடினாள். கண்ணாடியில் முகத்தைப் பதித்தாள்.

கூடத்தில் விளக்கு எரிந்தது. மகள் ஒரு மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். ஒரு கை அவள் முடியைக் கோதியது. மெதுவாக. ஆசையாக. குழந்தை கண்ணை மூடிச் சிரித்தது.

அந்த மடிக்காரி நிமிர்ந்தாள்.

அவள் முகம். இவளுடையது. ஒரு மச்சம்கூட மாறாமல். பயமெல்லாம் தெளிந்து, நன்றாகத் தூங்கியெழுந்த முகம். வெளியே நிற்பவளைப் பார்த்துப் பரிவோடு கும்பிட்டாள்.

பிறகு எட்டித் திரையை இழுத்துவிட்டாள்.