இரண்டாவது ஒப்புதல்

மூன்றாவது மாடியில், ஜன்னல் இல்லாத அந்தச் சின்ன அறைக்கு இவள் காலை ஒன்பதரைக்கு வந்து உட்கார்ந்தாள். இதே நாற்காலியில் ஏழு வருஷம் இருந்தவள் இவள் புருஷனின் மூத்த தாரம். செத்து இரண்டு வருஷம். அறையில் இன்னும் அவளுடைய முகப்பவுடர் வாசம்.

கம்பெனி மென்பொருளில் யார் நுழையலாம், யார் எதைத் திருத்தலாம் என்று அனுமதி கொடுக்கிற அட்மின் வேலை. சிஸ்டம்காரர் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனதும், இவள் முதலில் திறந்தது புருஷனின் பக்கத்தை. கீழே கிடங்கில் மேற்பார்வையாளர் அவர். 'மனைவி' என்ற கட்டத்தில் மூத்தவள் பெயர் அப்படியே இருந்தது.

"கல்யாணமாகி எட்டு மாசம். இதை மாத்தக் கை வரலை பாரு மனுஷனுக்கு."

அழித்தாள். தன் பெயரைப் போட்டாள்.

'இரண்டாவது அட்மினின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது' என்றது திரை.

சிஸ்டம்காரருக்குப் போன் போட்டாள். "யாருங்க அந்த ரெண்டாவது அட்மின்?"

"அது... உங்க மூத்தவங்கதாம்மா. எடுக்க விட்டுப்போச்சு. ஒருத்தர் எது செஞ்சாலும் இன்னொருத்தர் ஓகே சொல்லணும், இங்க அப்படித்தான்."

"அப்ப என்னைச் சேர்க்க யாரு ஓகே சொன்னா?"

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"நீங்க சொல்லித்தான் யோசிக்கிறேன். உங்க பேரைப் போட்டுட்டு மறுநாள் பார்த்தா ஓகே ஆகியிருந்துது."

போனை வைத்தாள். திரை மாறியிருந்தது.

'மறுக்கப்பட்டது. காரணம்: அவர் சட்டையில மூணாவது பட்டன் இல்லை. நீ பார்க்கவே இல்லியா?'

பவுடர் வாசம் கூடியது.

மதியம் சாப்பிடும்போது புருஷனிடம் கேட்டாள். "மூத்தவ பாஸ்வேர்டு உங்ககிட்ட இருக்கா? உண்மையைச் சொல்லுங்க."

"என் பாஸ்வேர்டே எனக்கு நிக்காது. ஏன், போன மகராசியோட இன்னுமா மல்லுக்கட்டற?"

மூன்றாவது பட்டன் இருந்த இடத்தில் நூல் தொங்கியது.

மேலே வந்தபோது இவளுடைய ஒப்புதலுக்கு ஒரு கோரிக்கை காத்திருந்தது. அனுப்பியவர், மூத்தவள்.

'கிடங்கு மேற்பார்வையாளரை என்னிடம் மாற்றவும்.'

மறுத்தாள். காரணம் என்ற கட்டத்தில் அடித்தாள்: 'உன் பொழுது முடிஞ்சுது. இனிமே என் புருஷன்.'

பதில் உடனே வந்தது.

'ஒரு நாள்கூட லீவு போடாமலா இருப்ப?'

அதற்கப்புறம் தினமும் காலையில் அதே கோரிக்கை வந்தது. தினமும் மறுத்தாள். ஞாயிற்றுக்கிழமையும் வந்து கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"என்ன மேடம், வீட்ல உங்களைத் துரத்தி விட்டுட்டாரா?" என்று வாட்ச்மேன் சிரித்தார்.

ஐந்தாவது மாதம் காய்ச்சலில் விழுந்தாள். எழுந்தால் தலை சுற்றியது. புருஷன் நெற்றியில் ஈரத்துணி போட்டார்.

"இன்னிக்கு ஒரு நாள் படு. லீவு நானே சொல்லிடறேன்."

"வேண்டாங்க. நீங்களும் போகாதீங்க."

"சின்னப் பிள்ளையா நீ? சாயங்காலம் வந்துடுவேன்."

மாத்திரை அசத்திவிட்டது. விழித்தபோது பதினோரு மணி. பதறிப்போய் சிஸ்டம்காரரைக் கூப்பிட்டாள்.

"நான் வர்றேன். அதுவரைக்கும் எனக்கு வந்த கோரிக்கையை யாரும் தொடாதீங்க."

"நீங்க நிம்மதியா படுங்கம்மா. லீவுன்னு போட்டாலே உங்களுக்கு வர்றது தானா அடுத்த அட்மினுக்குப் போயிடும். காலையிலயே ஒண்ணு ஓகே ஆயிடுச்சே."

புருஷனுக்கு அடித்தாள். வேறொரு அழைப்பில் இருந்தார்.

மறுபடி அடித்தாள். வேறொரு அழைப்பில் இருந்தார்.

நான்காம் தடவை எடுத்தார். கிடங்கின் இரைச்சல் எதுவும் கேட்கவில்லை.

"என்னங்க, நாந்தான். எங்க இருக்கீங்க?"

அவர் பக்கத்தில் யாரிடமோ பேசினார். இவளிடம் ஒருநாளும் பேசாத குழைவோடு.

"யாரோ ஒரு பொம்பளை. தெரிஞ்ச குரலா இல்லையே."

"வெச்சிடுங்க," என்றாள் ஒருத்தி.